மடித்த சீட்டுகள்

எங்கள் சதுக்கம் சரிவானது.
மேசைக் கால்களுக்கடியில் ஓட்டுத்துண்டு செருகிச்
சமன்செய்தாலும் வருடந்தோறும்
ஒரு தர்பூசணி தப்பித்து
நீரூற்றுவரை உருண்டுபோகும்.
இந்த வருடம் இரண்டு.

நான் சீட்டு விற்கிறவள்.
இளஞ்சிவப்புக்கு ஒரு கோப்பை ஒயின்,
மஞ்சளுக்கு வறுத்த பூசணிப்பூ,
பச்சைக்குப் பன்றியிறைச்சி, உப்பில்லா ரொட்டியோடு.
கழிப்பறை எங்கே என்பவர்களுக்கு
இலவசமாகக் கை நீட்டுகிறேன்.

ஆகஸ்டு வெயில் தாழ்வதற்குள்
மலைப்பாதையில் வந்துவிடுகிறார்கள்,
கழுத்தில் தொங்கும் துணிப்பைக்குள் கோப்பையோடு.
குனிந்தால் பொத்தானில் இடித்து
டிங் என்கிறது,
மணி கட்டிய மாடுகள் மேய வந்ததுபோல.

கடைகளுக்கு இடம் குறிப்பதும் நான்தான்.
எங்கும் எழுதாத முதல் விதி:
நீவெஸுக்கும் தூல்யோவுக்கும் நடுவில்
மாதா கோயில் இருக்கவேண்டும்.

அப்பன் செத்தபோது சரிவை இரண்டாக வெட்டினார்கள்.
வெயில் அக்காளுக்கு. கிணறு தம்பிக்கு.
பதினோரு அறுவடையாகப் பேச்சில்லை.
அவள் சிவப்பு பிழிகிறாள், அவன் வெள்ளை.
ரொட்டிக்கடையில் எதிர்ப்பட்டால்
இருவரும் ஒரே மாதிரி முகம் திருப்புவார்கள்,
அந்தக் கழுத்து அப்பனுடையது.

தூல்யோவுக்கு ஒரு பழக்கம்.
பேருந்துச் சீட்டு, மளிகை ரசீது, இழவு அறிவிப்பு,
கையில் எது அகப்பட்டாலும் மடிப்பான்,
மடிப்பான்,
நகத்தைவிடச் சின்ன முக்கோணமாகும்வரை.

ஒன்பதே காலுக்கு
எண்ணெய்ச் சட்டிகளுக்கு மேலே சுழன்ற விசிறியும்
அக்கார்டியன்காரனின் ஒலிபெருக்கியும்
பாதிரியாரின் ஐஸ் பெட்டியும்
ஒரே கம்பியில் தொங்கியது தாங்காமல்
ஊரே அணைந்தது.

ஒரு குழந்தை அழுதது. யாரோ
"பில் கட்டலையா?" என்று கத்த
மொத்தச் சதுக்கமும் சிரித்தது.
நான் பணப்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தேன்.
மேலே அவ்வளவு நட்சத்திரம்.
யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
சாவியைத் தேடுவதாக அர்மீதோ சத்தியம் செய்தான்,
குரலிலேயே மூன்று கோப்பை இருந்தது.

இருட்டில் ஊற்றுவது காதின் வேலை.
கோப்பை நிரம்ப நிரம்பச்
சத்தம் மெலிந்து உயரும்,
போதும் என்று அதுவே சொல்லும்.
நீவெஸின் பீப்பாயடியில் அந்தச் சத்தம்
நிற்கவேயில்லை, பதினெட்டு நிமிடம்.

வெளிச்சம் வந்தபோது
ஆளுக்கொருவர் தட்டில் கை வைத்திருந்தோம்.
கோயிலுக்கு அந்தப் பக்கம் தூல்யோ
துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தான்.

நள்ளிரவு தாண்டிப் பள்ளி வகுப்பறையில்,
ஆறு வயதுக்கான நாற்காலியில் முழங்கால் இடிக்க,
தகரம் தகரமாகக் கொட்டி எண்ணினேன்.
நீவெஸின் தகரத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டு இளஞ்சிவப்பு, தட்டையாக.
அடியில் மூன்று முக்கோணம்.

ஒன்று ருசி பார்க்க இருக்கும்.
இரண்டாவது, பார்த்த ருசியை நம்பாமல்.
மூன்றாவதுக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.
ஆனால் இருட்டில் அதை வாங்கிய விரலுக்கு
எது வந்தது, எவன் நிற்கிறான் என்று
தெரியாமலா இருந்திருக்கும்?
கோட்டுக்குமேல் ஊற்றினாளா என்பதைப்
பீப்பாயைத்தான் கேட்கவேண்டும்.

கணக்குக்கு வந்தாள், கை நீலமாக.
"இருநூற்றுப் பதினைந்து" என்றேன்.
"பன்னிரண்டு" என்றாள்.
"எண்ணியவள் நான், நீவெஸ்."
"பன்னிரண்டு" என்றாள் மறுபடி,
நோட்டுகளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு.
வாசலில் நின்று, திரும்பாமல்,
பூசணிப்பூவில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வருடத்துக்காக
மாதா கோயிலை நகர்த்த முடியாது.
கணக்கில் ஆறு யூரோ மிச்சம்,
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று வெகுநேரம் யோசித்தேன்.
பிறகு எழுதினேன்:
தர்பூசணி, இரண்டு.