ஒரு டாலர் பாக்கி

வெர்னெல் டாக்கெட் பேசியதையெல்லாம்
இருபத்தாறு வருடம் நான்தான் தட்டினேன்.
நீதிமன்றச் சுருக்கெழுத்துக்காரிக்குக் காது உண்டு,
கட்சி கிடையாது.
இருமலை எழுத மாட்டோம்,
நீதிபதி கடிகாரம் பார்ப்பதையும்.

முதல் வழக்கு நீச்சல் குளம்.
கறுப்புப் பிள்ளைகள் இறங்கிவிடுவார்களென்று
லாரி லாரியாக மண் கொட்டி மூடி
மேலே புல் போட்டிருந்தது நகரசபை.
பூங்கா என்றார் பொறியாளர்.
"இந்தப் பூங்காவின் ஆழம் எத்தனை அடி?"
"தெரியாது."
தெரியாது என்று தட்டினேன்.
ஒன்பது அடி.
வெள்ளைக்காரச் சிறுமியாக எத்தனை கோடை
அதன் அடித்தரையைத் தொட்டு மேலே வந்திருக்கிறேன்.
என்னை யாரும் கேட்கவில்லை.
அவர் தோற்றார்.

மிசிசிப்பி ஜூலையில்
தோற்றவர்கள் படியில் நிற்க மாட்டார்கள்.
அவர் நின்றார். கார் கிளம்பவில்லை.

சிறை வழக்கில், சான்று பதினான்கு:
ஜாம் பாட்டிலில் கைதிகளின் குழாய்த் தண்ணீர்.
ஒரு ராத்திரி மேசையில் இருந்ததில்
கசடு அடியில் தங்கிவிட்டது.
மாவட்டத்தின் வக்கீல் மூடியைப் பிடித்துத் தூக்கி
"கண்ணாடி மாதிரி இருக்கிறதே" என்றார்.
வெர்னெல் எழுந்து போனார், வாங்கினார்,
குலுக்கினார்,
திரும்பி வந்து உட்கார்ந்தார்.
என் ஏட்டில் அந்த இடத்தில்
ஒரு வார்த்தையும் இல்லை.
அந்த வழக்கு முடியப் பதினேழு வருடம்.
தீர்ப்பு வந்தபோது மனுதாரர்களில் மூன்று பேர் உயிரோடு இல்லை.
குழாயை மாற்றினார்கள்.

ஓதா பிக்கன்ஸ்
ஓட்டுப் போட வரிசையில் நின்றவர்.
போலீஸ்காரன் அறைந்ததில் இடது காது போயிற்று.
உரிமை மீறப்பட்டது உண்மை என்றது ஜூரி.
நஷ்டஈடு: ஒரு டாலர்.
காசோலையை அவர் மாற்றவே இல்லை.
வருடா வருடம் கருவூலத்திலிருந்து கடிதம்:
ஐயா, தயவுசெய்து, எங்கள் கணக்கு நேராகவில்லை.
காலாவதியானால் புதிதாக ஒன்று.
"வக்கீலம்மா, என்ன செய்யட்டும்?" என்று கேட்டாராம்.
"சட்டப்படி, மாற்றிக்கொள்ளுங்கள்."
"நீங்களாக இருந்தால்?"
"எனக்கு ஞாபகமறதி ஜாஸ்தி" என்றாராம் வெர்னெல்.
பதினோரு வருடம்
மாவட்டத்தின் வரவுசெலவில் அந்த ஒரு டாலர்
செருப்புக்குள் கல் போலக் கிடந்தது.

பக்கத்துக்கு இத்தனை என்று
பிரதிக்குக் காசு வாங்குவேன் நான்.
அவர் எப்போதும் தாமதம். எப்போதும் தந்தார்.
கடைசி நாள் என் மேசைக்கு வந்து
நோட்டும் சில்லறையுமாக எண்ணி வைத்தார்.
ஒரு டாலர் குறைந்தது.
கைப்பையைத் திறந்தார்.
"இருக்கட்டும்" என்றேன்.
என்னை ஒரு தரம் பார்த்தார்,
சாட்சியைப் பார்ப்பது போல.

"ஒன்பது அடி" என்றேன்.
எந்தப் பூங்கா என்று அவர் கேட்கவில்லை.
பையை மூடிக்கொண்டு நடந்தார்.

ரசீதுப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே
இன்னும் கோடு இழுக்கவில்லை.