மெலிந்த ஒதுக்கீடு

சோஹாரில், அதிகாலை இரண்டே நாற்பதுக்கு
கைப்பேசி அடித்தது.
மனிதர் யாருமில்லை, சேமிப்புக் கிடங்கு.
தொண்ணூற்றொன்பது சதவீதம் என்றது,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஃபலஜ் ரவுண்டானாவைச் சுற்றும்போதே
கணக்குப் போட்டேன்.
மூன்று டெராபைட் வட்டு.
அதன்மேல் எட்டு மெய்நிகர் எந்திரம்.
ஆளுக்கொரு டெராபைட் என்று
எழுதிக் கொடுத்தவன் நான்தான்.
எட்டும் நம்பின.
எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள்
என்பதுதான் இந்தத் தொழிலின் தைரியம்.

இந்த ஊருக்கு அது புதிதல்ல.
என் முதல் வருடம், அறை பதினான்கில்
ஒரு கட்டில், இரண்டு பெயர்.
பகலில் நான், இரவில் சுடலையாண்டி.
தலையணை உறை மட்டும் தனித்தனி.
வெள்ளிக்கிழமைதான் சிக்கல்:
இருவருக்கும் விடுமுறை,
கட்டிலுக்கு இல்லை.

உள்ளே பதினெட்டு டிகிரி.
கோப்புகளுக்கு நடுவே கிடைத்தது
பக்கத்து நாற்காலியில் இருந்த ஆரோன் செல்வின்
போன நவம்பரில் எடுத்த ஸ்னாப்ஷாட்.
பெயர்: "டெம்ப்ரவரி. நாளைக்கு அழிக்கணும்."
ஆள் இப்போது கனடாவில்.
அந்த நாளைக்கு வயது இருநூற்று முப்பத்தெட்டு நாள்,
எடை எழுநூறு ஜிபி.
அழிக்கலாம்.
அழிப்பதற்கும் இடம் வேண்டுமாம்.

எவரும் தொடாத பழைய நிறுவல் கோப்புகள் ஆறை
வெளியே தள்ளினேன்.
நாற்பது ஜிபி மூச்சு.
ஏழு எந்திரம் எழுந்தது ஒவ்வொன்றாக,
தூங்கினதை ஒத்துக்கொள்ளாத
வாட்ச்மேன் மாதிரி.
எட்டாவது எழவில்லை.

எட்டாவது, சமையற்கூடத்து எந்திரம்.
கேம்ப் பஸ் கிளம்பும் முன்
ஆயிரத்து நூறு பொட்டலத்துக்குப்
பெயரும் அறை எண்ணும் அச்சடிப்பது.

"என்ன சேர்மக்கனி, கையால எழுதட்டுமா?"
போனில் குஞ்ஞாலி.
அவனுக்குப் பின்னால் மூன்று மொழியில் கரண்டிச் சத்தம்.

பேக்கப் இருக்கு என்றேன்.
தினமும் இரவு பச்சை டிக் விழுகிறது.
இரண்டு வருடப் பச்சை.
அதில் ஒன்றையாவது
திருப்பி எடுத்துப் பார்த்திருக்கிறாயா என்று
குஞ்ஞாலி கேட்கவில்லை.
நானே கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு, சனி, வெள்ளி.
மூன்றும் பச்சை.
மூன்றும் திறக்கவில்லை.
வியாழன் திறந்தது.

நீலக் கோடு நகர்ந்தது.
பதினொன்று சதவீதம்.
பதினொன்று.
பதினொன்று.
எதையாவது அமுக்கிவிடுவேனோ என்று
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
பன்னிரண்டு.

நாலு இருபத்தாறுக்குக் கண் விழித்தது.
இன்று வியாழன் என்றது, சந்தேகமே இல்லாமல்.
தேதியைத் திருத்தினேன்.
ஆட்களைத் திருத்த நேரமில்லை.
லேபிள்கள் வழிந்து விழுந்தன.
அதில் ஒன்று:
அறை 14, சுடலையாண்டி, முட்டை வேண்டாம்.

நான் அந்த அறையை விட்டு ஒன்பது வருடம்.
அவன் மாறவே இல்லை.
சனிக்கிழமை ஃபைனல் எக்சிட்டில் போனான்.
பட்டியலில் பெயரை அடித்தது குஞ்ஞாலிதான்.
அடித்தது ஞாயிறு.
வியாழனுக்கு அது தெரியாது.

ஸ்னாப்ஷாட் இன்னும் இணைந்துகொண்டிருந்தது.
முப்பத்தொன்று சதவீதம்.
வெளியே வந்ததும் கண்ணாடி முழுக்க ஆவி.
வட்டு இன்னும் மூன்றுதான்,
எட்டில் எதனிடமும் நான் சொல்லவில்லை.

ஏழு மணிக்குக் குஞ்ஞாலி மறுபடி.
"அந்தப் பொட்டலம் மிஞ்சல கேட்டியா.
பதினாலாம் ரூமுக்குப் புதுசா வந்த நேபாளிப் பையன்
எடுத்துட்டுப் போயிட்டான்.
அவனுக்கு லேபிளே இல்ல."

வியாழனன்று அவன் இந்த நாட்டிலேயே இல்லை.
கட்டில் மட்டும் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டான்," என்றான் குஞ்ஞாலி,
"எல்லாருக்கும் முட்டை இருக்கு,
எனக்கு மட்டும் ஏன் இல்லன்னு."