காற்று எந்தப் பக்கம்

குஹ்மோவைத் தாண்டிப் பேருந்து எங்களை இறக்கிவிட்டபோது
மணி ஏழு. மழைக்கு இன்னும் அரைமணி
என்றது துயிரேயின் கைப்பேசி.
மழை அதைப் படித்திருக்கவில்லை.

முதல் தூறல் பிடரியில் விழ
இரண்டு ஸ்ப்ரூஸ் மரங்களைத் தேர்ந்தோம்,
நடுவே ஆறு தப்படி.
மேலே பட்ட கிளை ஏதும் தொங்குகிறதா என்று
இரை கேட்கும் குஞ்சுகள்போல
வாய் பிளந்து அண்ணாந்து பார்த்தோம்.

காற்று ஏரியிலிருந்துதான் வரும் என்றேன்.
இல்லை, சதுப்பிலிருந்து என்றாள்.
பதினோரு வருடம் அடுத்தடுத்த மேசைகளில்
கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர்கள் நாங்கள்;
எந்த உறை எந்தப் பைக்கு என்பதில்
ஒருநாளும் சண்டை வந்ததில்லை.
காற்றுக்கு அஞ்சல் குறியீடு கிடையாது.

நான் சொன்னபடியே கட்டினோம்.
தார்ப்பாய் வாங்கிய ரசீது என்னிடம் இருந்தது.
நெஞ்சுயரத்தில் கயிறு,
சுண்டினால் டங்கென்று பேசும்வரை இழுத்து.
ஏரிப் பக்கம் தரையோடு தாழ்த்தி நான்கு முளைகள்.
ஐந்தாவது பாறையில் முட்டி மடங்கிப்போக
ஒரு கல்லைச் சுற்றிக் கயிறு போட்டாள்,
ஏணையில் பிள்ளையை இடுவதுபோல் பதமாக.

இரண்டு மணி இருக்கும்.
சதுப்பு எழுந்து வந்தது.
திறந்து கிடந்த பக்கமாய் மழை நுழைந்து
என் உறக்கப்பையின் கால்மாட்டைத் தடவிக் கண்டுபிடித்தது.
தலைக்கு மேல் தார்ப்பாய்
சினைப்பசுவின் வயிறாய்த் தொங்கியது.

"நான்தான் அப்பவே சொன்னேனே"
அந்த வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தேன்.
நெற்றிவிளக்கு மட்டும் எரிந்தது.
அவள் வெளியே போய் முளை பிடுங்க,
நான் உள்ளிருந்து இரண்டு கையாலும்
அந்த வயிற்றை மேலே தள்ளினேன்.
ஒரு குடம் குளிர்நீர்
அப்படியே அவள்மேல்.

அவள் போட்ட கூச்சலுக்கு
ஏரியில் முக்குளிப்பான் ஒன்று பதில் கத்தியது.
அப்புறம் எங்களுக்கு மூச்சுமுட்டும் சிரிப்பு.
ஊறிப்போன முடிச்சுகள் நகத்துக்கு அடங்கவில்லை;
பல்லால் கடித்து அவிழ்த்தேன்.
பிசினும் நைலானும் கலந்த கசப்பு
இன்னும் நாக்கில் இருக்கிறது.

சரிவை மாற்றிக் கட்டி முடிக்கும்போது
விடிந்துவிட்டது. மழையும் நின்றுவிட்டது.
காய்ந்த இடம் ஒரு முழ அகலம்.
அங்கே தீப்பெட்டியையும் காப்பிப்பொடியையும் படுக்கவைத்துவிட்டு
நாங்கள் வெளியே பாசியில் உட்கார்ந்தோம்,
ஆளுக்கு ஒரு காலுறையைப் பிழிந்தபடி.

திங்கட்கிழமை அலுவலகத்தை மூடுகிறார்கள்.
அதைப் பற்றி வழியெல்லாம் பேசவில்லை,
அப்போதும் பேசவில்லை.

"இப்ப எங்கேயிருந்து அடிக்குது?" என்றாள்.
விரலை நனைத்து உயர்த்தினேன்.
எல்லாப் பக்கமும் ஒரே குளிர்.