கை மட்டும்

மதாம் பாரீசுக்குப் போயிருந்த மாசம்
துய்மா வீதி வீட்டைச் சீரியலுக்கு விட்டிருந்தார்கள்.
சாவி என்னிடம்,
வாடகைக் கணக்கு மதாமின் தம்பியிடம்.

கதை நடப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில்.
ஃபிரிட்ஜுக்கு முன்னால் மரத்தடுப்பு.
மீட்டர் பெட்டிமேல் மாதா படம்.
இன்வெர்ட்டருக்குப் பட்டுத்துணி போர்த்தி
அதன்மேல் ஒரு கூஜா.

வேலைக்காரியாக நடிக்க வந்த பெண்ணுக்கு
கத்தரிப்பூ நிறத்தில் நீள நகம்.
ஒட்டினதாம். பிய்த்தால் சொந்த நகமும் கூடவே வருமாம்.
டைரக்டர் தலையில் கைவைத்துத் திரும்பினார்.
நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.
'அக்கா, கையைக் காட்டுங்க.'
காட்டினேன்.
'இதான்யா முப்பத்தாறு' என்றார்.

டம்ளர் வேண்டும், நசுங்கினதாக, பழசாக.
பொருள் பார்க்கும் பையன் நெல்லித்தோப்பு வரை அலைந்து வந்து
பின்கட்டு ஜன்னலில் கவிழ்த்திருந்ததை எடுத்தான்.
'அருமையான பீஸ். எந்த வருஷத்துது?'
போன தீபாவளிக்கு எனக்கென்று ஒதுக்கினது, தம்பி.
அவன் சிரித்தான்,
பிறகு சிரிக்கவில்லை.

காட்சி இவ்வளவுதான்:
எசமானி உயரத்திலிருந்து காபி ஊற்றுகிறாள்,
ஒட்டாமல், படாமல்.
கீழே டம்ளர் ஏந்தி ஒரு கை.
பதினாலு தடவை ஊற்றினாள்.
ஒவ்வொரு கட்டுக்கும்
என் விரலைப் பிடித்து ஊதினாள் அந்த எசமானி.
'சுட்டுச்சாக்கா?'
ஆறிப்போன காபி என்று அவளிடம் சொல்லவில்லை.
கைக்கு அறுநூறு ரூபாய்.
முகம் வந்திருந்தால் ஆயிரமாம்.

மதாம் திரும்பி வந்தபிறகு
எட்டரை மணிக்கு ஒளிபரப்பினார்கள்.
மதாம் சோபாவில்.
நான் தரையில், அவரைக்காய் நார் கிள்ளிக்கொண்டு.
அரியாங்குப்பம் கடைசி பஸ்ஸுக்கு முக்கால் மணி இருந்தது.

காபி ஒழுகுகிறது, திரை முழுக்க என் கை.

மதாமுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜம்தான்.
'மனுஷங்கள எப்படி வச்சிருந்திருக்காங்க பாரு, பூங்காவனம்.
அந்தத் தழும்பப் பாரேன்,
மேக்கப்காரன் எப்படிப் போட்டிருக்கான்!'

மூன்று வருஷத்துக்கு முன் பால் பாத்திரத்தின் பிடி கழன்றது.
பிரான்சிலிருந்து வந்த பாத்திரம்.
அதில் சில்லு பேர்ந்ததா என்றுதான் முதலில் கேட்டார்.
ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட வந்தவரும் அவர்தான்.
சொன்னால் இரண்டையும் சொல்ல வேண்டும்.

கை இன்னும் திரையிலேயே நின்றது.
மதாம் சட்டென்று நிமிர்ந்தார்,
மூக்குக்கண்ணாடியை ஏற்றினார்,
டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.
என் நெஞ்சு அடித்துக்கொண்டது.
மடியிலிருந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்,
ஏனென்று தெரியவில்லை, திருடினவள் மாதிரி.

'ஏய், இது நம்ம வீட்டு டம்ளராட்டம் இல்ல?'

ஆமாங்க மதாம்.
நம்ம வீட்டு டம்ளர்தாங்க.

விளம்பரம் வந்தது.
நாரையெல்லாம் கூட்டி அள்ளினேன்.