எந்த வண்டிக்கு?

"எந்த வருஷம், என்ன வண்டி?"
கவுண்டரில் லுவான்.
உடம்பு அறுபத்துநாலு ஸ்டூட்பேக்கர்.
எஞ்சின், எங்கோ கவிழ்ந்த ஷெவர்லே லாரியுடையது.
கம்ப்யூட்டரில் அப்படியொரு கட்டம் இல்லை.

டூசானில் அன்று நூற்றுப்பன்னிரண்டு டிகிரி.

லாரியின் கம்ப்ரஸர் சட்டத்தில் இடித்தது,
ஒரு விரற்கடை.
பிராக்கெட்டை மூன்று முறை வெட்டினான் எமெட்.
கண்டென்ஸர் ஏதோ வேனுடையது.
ஹோஸ் மட்டும் டிராக்டர் கடையில்:
ஒரு முனை இதற்கு, மறுமுனை அதற்கு,
ஒத்துவராத சம்பந்திகளை
ஒரே பாயில் உட்காரவைத்த மாதிரி.

இரவு முழுக்க மீட்டர் முள் நகரவில்லை.
காலையில் கேஸ் ஏற்றி
பழைய குமிழைத் திருகினான்.

முதலில் தூசி.
பிறகு, யாரோ எப்போதோ
இந்த வண்டிக்குள் பிடித்த சிகரெட்.
அதற்கப்புறம்தான் குளிர்.

லுவானுக்கு போன் போட்டான்:
"கட்டத்தில் எதையாவது எழுதிக்கோ.
எனக்கு விரல் மரத்துப்போச்சு."