டொடோமா போகிற செங்கோட்டுவேலுக்கு

பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில வெக்காதீங்கண்ணா.
போன தடவை சின்ராசு வெச்சு
வேர்வையில சிங்கம் அழிஞ்சு போச்சு.
உங்களுதுக்கு இன்னும் பதினொரு மாசம் உசுரிருக்கு,
ஆறு இருந்தாப் போதும்.
காலிப் பக்கம் ரெண்டு கேப்பாங்க.
உங்களுதுல எல்லாமே காலி.

ரிக்கு வண்டி முன்னாடியே கப்பலேறிருச்சு.
அதுக்குப் பேப்பரு நூத்திப் பதினேழு பக்கம்,
உங்களுக்கு ஒம்பது.

மஞ்சக்காச்சல் அட்டை
டிக்கெட்டோட சேத்துப் பின் பண்ணியிருக்கேன்.
ஊசி போட்டுப் பத்து நாள் கழிச்சுத்தான் செல்லுபடி,
நாளெண்ணித்தான் டிக்கெட்டே போட்டேன்.
'ஈரோட்டு மஞ்ச மண்டியில மூட்டை தூக்குனவனுக்கு
மஞ்சளுக்கு ஊசியா'ன்னு சிரிச்சுட்டுப் போனீங்க.
சென்னையில இருந்து வந்து மூணு நாளைக்குக்
கையே தூக்க முடியலெ உங்களுக்கு.

டாலரு மடிப்பு விழுந்தா வாங்க மாட்டாங்களாம்.
கேஷ் புக்குக்கு நடுவுல வெச்சு
மேல தேஞ்சுபோன பட்டன் பிட் ஒண்ணைத் தூக்கி வெச்சிருக்கேன்.
நாளைக்கு இஸ்திரி போட்டாப்பல இருக்கும்.

பிளாஸ்டிக் கவரு அந்த நாட்டுக்குள்ள ஆகாது.
மெஸ்ஸுல வாங்குன பருப்புப்பொடியைத்
துணிப்பைக்கு மாத்திருங்க.

ரேகை வெக்கற மெசினு இருந்தா
உங்க கட்டைவெரலு ஏமாத்திப்போடும்.
இருவத்திரெண்டு வருசம் ராடு மாத்துன கையில
கோடு எங்க இருக்குது?
வரிசையில நிக்கறப்பவே
ஒரு சொட்டுத் தேங்கா எண்ணெ தடவி,
தொடைச்சுட்டு அமுத்துங்க.
படலேன்னாப் பதறாதீங்க,
வேற வெரலு கேப்பாங்க. ஒம்பது இருக்குது.

எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா
ஒறம்பரைக்குன்னு சொல்லி வெக்காதீங்க,
சுத்திப் பாக்கன்னும் வேண்டாம்.
வேலை பெர்மிட்டு நகலு மேலாப்பல இருக்கு, அதை நீட்டுங்க.
பேச்சு வரலேன்னா ஒரே வார்த்தை சொல்லுங்க: மாஜி.
அவங்க பாசையில தண்ணிக்கு அதுதான் பேரு.
மாஜி சேர்மன், மாஜி கவுன்சிலருங்கறமே,
அதே சத்தம்.
நேத்து மல்லசமுத்திரத்துப் பக்கம்
ஆயிரத்து நானூறு அடிக்கும் பொகையாவே பறந்த பாயிண்டுக்கு
பில்லு எழுதிக்கிட்டிருந்தேன்.
அப்பத்தான் அந்த வார்த்தை
எனக்கு ரெண்டு பாசையிலயும் புரிஞ்சுது.

பாரத்துல குடும்பப் பேருன்னு ஒரு கட்டம்.
நமக்கேது அது?
பாஸ்போர்ட்டுல இருக்கறாப்பல
உங்க அப்பா பேரைத்தான் போட்டிருக்கேன்.
கெணத்துப் பங்குக் கேசுல
பதினாறு வருசமா நீங்க வாயில எடுக்காத பேரு.
சங்ககிரி கோர்ட்டு டவாலி கூப்பிட்டாத்தான்
உங்க காதுல விழுகற பேரு.
அங்க ஒருத்தரும் உங்களைச்
செங்கோட்டுவேலுன்னு கூப்பிட மாட்டாங்க.
அடிஸ் அபாபாவுல ஃபிளைட்டு மாறறப்ப,
கவுண்ட்டருல, லாட்ஜுல, கேம்புல,
எல்லாப் பக்கமும் மிஸ்டர் பொங்கியண்ணன்தான்.
கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கோணும்.
ஆரோன்னு நின்னீங்கன்னா
வரிசை போயிரும்.

அப்பறம்,
அவசரத்துக்கு ஆருக்குத் தகவல் சொல்றதுங்கற கட்டத்தை
நீங்க காலியா விட்டிருந்தீங்க.
அதை நெரப்பாமக் கம்ப்யூட்டரு அடுத்த பக்கம் போகலெ.
முதல்ல ஆபீசு நம்பரு போட்டேன்.
ஆறு மணிக்கு மேல இங்க எடுக்கறதுக்கு ஆளேது?
டொடோமாவுல ஏதாச்சும் ஆகறதா இருந்தா
ஆறு மணிக்குள்ள ஆகும்னு என்ன நிச்சயம்?
அழிச்சுட்டு வேற நம்பரு போட்டுட்டேன்.
உங்களைக் கேக்கலெ.
பிரிண்டுல பாத்தா
கடைசி நாலு எண்ணு
உங்களுக்கு இன்னும் மனப்பாடமாத்தான் இருக்கும்.
கோவம் வந்தா
போயிச் சேந்துட்டு ஃபோன் பண்ணித் திட்டுங்க,
எனக்கும் சேந்த தகவலாச்சு.

பிளக்கு அங்க மூணு சதுரக் காலு.
அடாப்டரு பைக்குள்ள
சைடு ஜிப்புல இருக்கு.