எர்த்து

மணவாளக்குறிச்சியில் தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கின மைக்.
வெளுத்த சாம்பல் நிறம், பாம்புக் கழுத்து,
தலையில் ஒரு கறுத்த பஞ்சுக் குல்லா.
முதல் மழைக்கே அந்தக் குல்லாவை எலி கொண்டுபோயிற்று.
கிளீட்டஸ் தன் ஸ்கூல் சாக்ஸை வெட்டி மாட்டினான்.
அதனால் எங்கள் வானொலிக்குத் தொடக்கத்திலிருந்தே
லேசாய்க் கால் வாசனை.

பெயர் கடியபட்டணம் ஒலிபரப்பு.
நேயர்கள் மூன்று பேர். மூன்று பேரும் நாங்களே.
ஒரு நிகழ்ச்சிக்கு அறுபது நொடி,
அதற்குமேல் பதியாது,
பச்சைக்கோடு சட்டென்று நின்றுவிடும்.
எத்தனை செய்திகள் பாதி வாக்கியத்தில் செத்தன.
"கடலுக்குப் போன விசைப்படகு இன்று மாலை"
என்று வாசித்தேன்.
இருபத்திரண்டு வருடமாய் அது கரை சேரவில்லை.

கடலையும் பதியப் பார்த்தோம்.
சன்னலுக்கு நேரே எண்பது அடியில் நிஜக் கடல்.
ஒயர் எட்டினமட்டும் மைக்கை நீட்டிப் பிடித்தோம்.
போட்டுக் கேட்டால்
பப்படம் பொரிகிற சத்தம்.
"லேய், அதுக்குக் கடலப் பிடிக்கல்ல"
என்று கிளீட்டஸின் அப்பா சிரித்தார்.
கடைசியில் பழைய பேப்பரில் கருமணலைக் கொட்டி
இந்தப் பக்கம் சரித்து, கொஞ்சம் பொறுத்து
அந்தப் பக்கம் சரித்தோம்.
அது கடலாயிற்று.
கேட்ட எல்லாரும் நம்பினார்கள்,
காலையில்தான் கட்டுமரத்திலிருந்து இறங்கியவர்களும்.
கீபோர்டுக்குள் போன மணல் மட்டும்
ஸ்பேஸ் பாரை அமுக்கும்போதெல்லாம்
கடைசிவரை கரகரத்தது.

பெரிய தொல்லை வேறு.
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ம்ம்ம்ம்.
வீட்டில் எர்த்து கிடையாது,
மூன்றுமுள் பிளக்கின் தடித்த முள்ளை
யாரோ எப்போதோ ஒடித்துவிட்டிருந்தார்கள்.
ஒருநாள் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்த டெல்பின்
பெட்டியின் பின்தகரத்தில் கை ஊன்றினாள்.
ம்ம்ம்ம் நின்றது.
எடுத்தாள், வந்தது.
வைத்தாள், நின்றது.
வெறுங்கால், சிமெண்டுத் தரை, ஒரு பெண்பிள்ளை.
அன்று முதல் அவளுக்கு அதுதான் வேலை.
எறும்பு ஊருதமாதிரி இருக்கு,
சட்டுன்னு பேசித் தொலைங்கலே என்பாள்,
ரெக்கார்டு அமுக்கும் முன்னால்.
அமுக்கிய பிறகு மூச்சுகூடக் கேட்காது.

போன மாதம் ஒரு சிடி கிடைத்தது.
முப்பத்தொரு ஃபைல், இருபத்தாறு திறக்கின்றன.
என் குரல் தகரம். சகிக்கவில்லை.
கிளீட்டஸின் குரல் இன்னும் உடையவில்லை
(அவன் கத்தார் பக்கம் யாருடைய படகிலோ இருக்கிறான்,
அனுப்பினேன், கட்டைவிரல் ஒன்று போட்டான்).
ஒரு சொல்லும் பேசாத டெல்பின்
எல்லாவற்றிலும் இருக்கிறாள்,
என் இருமலுக்கும் அடுத்த வரிக்கும் இடையில்
துடைத்துவைத்ததுபோல் கிடக்கும் அந்த இடத்தில்.

பதினேழாவது ஃபைல்.
ஏதோ ராஜகுமாரன் வசனம், எழுதியவனும் நான்தான்,
"உன்னைத் தேடி ஏழு மலை" என்று இழுக்கிறேன்.
நாற்பத்தோராவது நொடியில்
ம்ம்ம்ம் புகுகிறது.
மூன்று நொடி.
போய்விடுகிறது.
கொசுவா, ஷாக்கா, வாசலில் யாராவது வந்தார்களா?
பதினான்கு தடவை கேட்டாயிற்று.
இரைச்சலை நீக்கித் தருவதாய்
போனில் ஒரு ஆப் சொல்கிறது.
இதையும் இரைச்சல் என்றுதான் அது நினைக்கும்.

குளச்சலுக்குக் கூப்பிட்டேன்.
மீன் ஏலத்தில் கணக்கு எழுதுகிறாள்,
பின்னால் ஒரே கூச்சல்.
ஃபைல் நம்பர், நொடி எல்லாம் சொன்னேன்.
"மூக்கு சொறிஞ்சிருப்பேன்" என்றாள்.
கொஞ்ச நேரம் கூச்சல் மட்டும் கேட்டது.
"இல்ல, மத்தக் கை சும்மாத்தானே இருந்துது."
யாரோ சாளைக்கு விலை கேட்டார்கள்.
"பொறவு விளிக்கேன்" என்று வைத்துவிட்டாள்.